தைத்தால் மட்டும் போதுமா?

(தையல் பயிற்சி நிறைவு விழா ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைக்குழந்தைக்கான சாமான்களைத் தைத்து விற்பது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். ஜாக்கெட் தைக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், நைட்டியில் கையில் நிற்பது ஒன்றுமில்லை, ஆனால் குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்கிற பேபி கேரியரும் டயாபர் பையும் ஆன்லைனில் நல்ல விலைக்குப் போகின்றன என்றார்கள். போகின்றன, உண்மைதான். நான் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் செக்கிங் மேஜையில் பல காலம் உட்கார்ந்தவள். எதையும் புரட்டி உள்பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். இந்தத் தொழிலையும் அப்படியே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. பேபி கேரியரையும் டயாபர் பையையும் ஒரே மேஜையில் வைத்து விற்கலாம். வாங்குகிறவரும் ஒருவரேதான். இரண்டுக்கும் அதே மெஷின், அதே நாடா, அதே கேன்வாஸ் துணி. ஆனால் பையில் தையல் விட்டால் பால் பாட்டில் உருண்டு ஓடும். கேரியரில் தையல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரே ஊசியில் தைக்கிற இரண்டு வெவ்வேறு தொழில்கள் இவை. இதை ஒன்றென்று நினைத்து இறங்கியவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் சிரமப்பட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். இந்தத் தொழில் அங்கேதான் வீட்டுத் தையல் தொழிலாக வளர்ந்தது. அதன் நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான் எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

ஆன் மூர் என்று ஒரு நர்ஸ். குழந்தைகள் மருத்துவத்தில் பழக்கமுள்ளவர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க அமைதிப் படையில் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுக்குப் போனார். அங்கே தாய்மார்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள், வயலில் வேலை செய்கிறார்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கிறது. இதைப் பார்த்து வியந்தவர், ஊருக்குத் திரும்பித் தனக்கு 1964-இல் மகள் பிறந்ததும் அதே மாதிரி துணியால் கட்டிப் பார்த்தார். டோகோ பெண்கள் சிறு வயதிலிருந்தே தம்பி தங்கைகளைக் கட்டித் தூக்கிப் பழகியவர்கள். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை, குழந்தை வழுக்கி வழுக்கி இறங்கியது. அவருடைய அம்மா லூசி ஆக்கர்மன் ஒஹாயோ மாநிலத்தில் வெஸ்ட் அலெக்ஸாண்ட்ரியா என்ற சிற்றூரில் இருந்தார். நன்றாகத் தைப்பார். மகள் சொல்லச் சொல்ல, தோள்பட்டைகளும் குழந்தை உட்காரும் பையும் வைத்து ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். அதுதான் ஸ்னக்ளி.

அந்த ஸ்னக்ளியில் தையல்காரர்கள் ரசிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குழந்தை வளர வளரப் பிரித்துவிடுகிற மாதிரி டக்கும் டார்ட்டும் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பாவாடைக்கு அடியில் நாம் மடிப்பு விட்டுத் தைப்போமே, அதே யோசனை. பிறந்த குழந்தைக்குச் சிறியது ஒன்று, ஆறு மாதத்தில் பெரியது ஒன்று என்று இரண்டு வாங்கவேண்டியதில்லை. விற்பனைக்கு நல்லதா என்று கேட்டால் நல்லதில்லை. வாங்கியவருக்கு நல்லது.

ஆன் மூர் கொலராடோவில் டென்வர் பக்கம் குழந்தையைக் கட்டிக்கொண்டு போகும்போது பார்த்தவர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். விலாசம் ஒஹாயோவுக்குப் போகும். அம்மா தைத்து அனுப்புவார். கேட்பவர்கள் கூடியதும் அம்மா ஒருவரால் முடியவில்லை. சுற்றிலும் இருந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் குடும்பம் டங்கர்டு எனப்படும் எளிமையான ஒரு கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்தது. அந்தச் சமூகத்துப் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தே தைத்தார்கள். 1969-இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு தேவை பெருகி ஃபாக்டரிக்குப் போனது. 1985-இல் மூர் தம்பதி கம்பெனியை விற்றார்கள். அதன் பின் நோயாளிகள் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நடமாட உதவும் பைகளை ஆன் மூர் வடிவமைத்தார். குழந்தையைச் சுமக்கக் கற்ற கை நோயாளியின் மூச்சையும் சுமந்தது என்று மேடைக்காக ஒரு வரி சொல்லலாம். ஆனால் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறு: பல வீடுகளில் தைத்தார்கள், பேட்டர்ன் ஒன்று, பெயர் ஒன்று. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே காலத்தில் ஜெர்மனியில் எரிகா ஹோஃப்மன் என்ற தாய் இரட்டைக் குழந்தைகளைச் சமாளிக்க லத்தீன் அமெரிக்க நாட்டுச் சால்வை ஒன்றில் கட்டிப் பழகி, 1972-இல் டிடிமோஸ் என்ற பெயரில் நெய்த துணியாகவே விற்கத் தொடங்கினார். ஹவாயில் ரேய்னர் கார்னர் என்பவர் தோளில் இரண்டு வளையம் வைத்து இழுத்துச் சரிசெய்யும் ஸ்லிங்கை 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸ் அதைப் பரப்பினார். சீனாவின் மெய் தாய், கொரியாவின் போடேகி, மெக்ஸிகோவின் ரெபோசோ என்று உலகம் முழுக்கப் பாட்டிமார்கள் செய்துவந்ததை ஒவ்வொருவராகப் பார்த்துத் தைத்துக்கொண்டார்கள். இதில் யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

2000-க்குப் பிறகு இன்டர்நெட் பரவியதும் கூட்டம் கூடியது. பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பாத தாய்மார்கள், சமையலறை மேஜையில் மெஷினை வைத்துக்கொண்டு மெய் தாயும் ஸ்லிங்கும் தைத்தார்கள். மிச்சத் துணியில் டயாபர் பை, குழந்தையைப் படுக்கவைத்து மாற்றும் விரிப்பு, ஈரத்துணி போட ஒரு பை. இந்தியாவின் டூப்பியான் பட்டில் தைத்த வளைய ஸ்லிங்குகள் அங்கே வெகு பிரபலம். 2005-இல் எட்ஸி என்ற ஆன்லைன் சந்தை நியூயார்க்கில் தொடங்கியது. கைத்தையலுக்குக் கடைவீதியே கிடைத்தமாதிரி. ஹவாயில் மாவி தீவில் கரின் ஃப்ராஸ்ட் என்ற தாய் தன் குழந்தைக்காக வடிவமைத்த எர்கோ கேரியர் 2010-இல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. இந்தக் கதையை மட்டும் கேட்டால் எல்லோருக்கும் உடனே மெஷின் வாங்கத் தோன்றும்.

அதே 2010-இல் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். மார்ச் மாதம் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் சம்பந்தப்பட்ட 14 குழந்தை மரணங்கள் தங்கள் பார்வைக்கு வந்திருப்பதாகவும், அதில் 12 குழந்தைகள் நாலு மாதத்துக்கும் குறைந்தவை என்றும் சொன்னது. சில நாட்களில் இன்ஃபன்டினோ என்ற பெரிய கம்பெனியின் பை வடிவ ஸ்லிங்குகள் ஏறக்குறைய 10 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஸ்லிங்கோடு தொடர்புடையதாக மூன்று மரணங்கள் சொல்லப்பட்டன.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் எது தெரியுமா? அங்கே தையல் பிரியவில்லை. நாடா அறவில்லை. அந்தப் பீஸ் என் மேஜைக்கு வந்திருந்தால் நான் பாஸ் போட்டிருப்பேன். குறை வடிவத்தில் இருந்தது. அடி ஆழமாகத் தொய்ந்து, குழந்தை வளைந்து உள்ளே இறங்கி, தாடை நெஞ்சில் போய் அழுந்துகிறது. கைக்குழந்தைக்குக் கழுத்தில் பலம் இல்லை, தலையை நிமிர்த்தத் தெரியாது. மூச்சுக்குழல் மடங்குகிறது. அல்லது மூக்கும் வாயும் துணியில் அழுந்துகின்றன. ஓரிரு நிமிடம் போதும் என்று ஆணையம் சொன்னது. சத்தமே இருக்காது. தாய்க்குத் தன் மேல் குழந்தை தூங்குவதாகத்தான் தோன்றும்.

அதே ஆண்டு இங்கிலாந்தில் ஸ்லிங் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்து ஐந்து விதிகளை வகுத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் சொல்லித்தருகிறார்கள். குழந்தை இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முகம் எந்த நேரமும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். முதுகு தொய்யாமல் தாங்கப்பட வேண்டும். கேரியர் விற்கிறவர் இதைத் துண்டுத்தாளில் அச்சடித்துப் பைக்குள் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. கேரியரிலேயே லேபிளாகத் தைக்க வேண்டும். துண்டுத்தாள் முதல் நாளே குப்பைக்குப் போகும். கேரியர் அக்காவிடமிருந்து தங்கைக்குப் போகும், தங்கையிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். லேபிள் கூடவே போகும்.

இப்போது தையலுக்கு வருவோம். உங்களுக்குத் தெரிந்த வேலைதான், ஆனால் ஜாக்கெட்டில் பழகிய கை சிலதை மறக்க வேண்டும்.

தோள்பட்டை நாடாவைக் கேரியரின் உடம்போடு இணைக்கும் இடத்தைப் பாருங்கள். பக்கத் தையலில் நாடா நுனியைச் செருகி ஒரு தையல் ஓட்டிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். குழந்தையின் எடை முழுக்க அந்த ஒரு வரி நூலில் தொங்கும். அப்படிச் செய்யக் கூடாது. நாடா குறைந்தது இரண்டு மூன்று இஞ்ச் உள்ளே போக வேண்டும். சுற்றிலும் சதுரமாகத் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு ஓட்ட வேண்டும். இழுவை எந்தப் பக்கம் வந்தாலும் ஏதாவது ஒரு கோடு தாங்கும். இஞ்சுக்கு எட்டுப் பத்துத் தையல் போதும். பயத்தில் இன்னும் நெருக்கமாக ஓட்டினால் துணி தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், அந்த வரியிலேயே கிழியும். ஒரே இடத்தில் நாலு தடவை ரிவர்ஸ் போட்டு மொத்தையாக்குவதும் அதே தப்புதான். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வெயிலிலும் சலவையிலும் சீக்கிரம் இற்றுப்போகும். ஊசி 16 அல்லது 18 நம்பர். தைத்து முடித்ததும் திருப்பிப் பார்க்க வேண்டும். பாபின் பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் டென்ஷன் சரியில்லை, அந்தத் தையலுக்குப் பலம் கிடையாது. பிரித்துத் தையுங்கள். மேலே இன்னொரு தையல் ஓட்டி மூடுகிற கெட்டிக்காரத்தனம் இங்கே வேண்டாம்.

நாடாவைத் துண்டு துண்டாக இணைக்கவே கூடாது. ஒரே நீளமாக வர வேண்டும். துணி மிச்சம் பார்க்கிற கட்டிங் மாஸ்டருக்கு இது கோபம் வரவைக்கும். வரட்டும்.

வளைய ஸ்லிங் தைக்கிறவர்கள் வளையத்தில்தான் ஏமாறுவார்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் பைக்கும் பெல்ட்டுக்கும் விற்கிற கம்பி வளையத்தைக் கையில் எடுத்து விரல் நகத்தைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் நகம் தட்டும். வளைத்துப் பற்றவைத்த இடம் அது. எடை ஏறினால் முதலில் பிரிவதும் அதுவே. ஸ்லிங்குக்கென்று இணைப்பே இல்லாத அலுமினிய வளையமும் நைலான் வளையமும் செய்கிறார்கள். அது கிடைக்கவில்லையென்றால் வளைய ஸ்லிங் தைக்காதீர்கள். வேறு மாதிரி தையுங்கள்.

துணியில் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு சபலம் வரும். பனியன் துணி மலிவாகக் கிடைக்கிறது, மிருதுவாக இருக்கிறது, குழந்தைக்கு நல்லதுதானே என்று. பின்னல் துணி இழுபடும். காலையில் கட்டியது மத்தியானம் தொய்யும். அதற்கென்று தனி வடிவம், தனிக் கட்டுமுறை உண்டு. நெய்த துணிக்குப் போட்ட பேட்டர்னில் பின்னல் துணியை வெட்டக் கூடாது. நெய்த பருத்தியே நல்லது. வெட்டுவதற்கு முன் துவைத்துச் சுருக்கம் போக்கிவிட வேண்டும். சாயமும் முக்கியம். குழந்தை தோள்பட்டை நாடாவைச் சப்பும், பல் முளைக்கிற காலத்தில் மணிக்கணக்காகச் சப்பும். எச்சிலில் சாயம் இறங்கும் துணியை வாங்கவே வேண்டாம். வெள்ளைத் துணியை ஈரமாக்கி அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது வீட்டுச் சோதனை. அது முதல் வடிகட்டல் மட்டும்தான்.

பேச்சு சோதனைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2007-இல் சீனாவிலிருந்து வந்த பொம்மைகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருந்தது பெரிய பிரச்சினையானது. 2008 ஆகஸ்டில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பெரிய பொம்மைக் கம்பெனிகளை நினைத்துப் போட்ட சட்டத்தில், சமையலறை மேஜையில் தைக்கிறவர்களும் அகப்பட்டார்கள். குழந்தைப் பொருள் எதுவானாலும் வெளிச் சோதனைக்கூடத்தில் பரிசோதிக்க வேண்டும், தயாரித்த இடமும் காலமும் தெரியும்படி லேபிள் வேண்டும் என்றது சட்டம். ஒரே கூச்சல். சாதாரணத் துணியில் ஈயம் இல்லை என்று 2009-இல் துணிக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஜிப்புக்கும் பட்டனுக்கும் விலக்கு இல்லை. 2011-இல் சிறு தயாரிப்பாளர்களுக்குச் சில சலுகைகள் வந்தன. கேரியர் மாதிரி உயிரோடு சம்பந்தப்பட்ட பொருட்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2014-இல் பக்கிள் வைத்த மென்துணிக் கேரியர்களுக்கும், 2018 ஜனவரியில் ஸ்லிங்குகளுக்கும் கட்டாயத் தரவிதி அமலுக்கு வந்தது. ஐரோப்பாவிலும் இதற்கென்று தனித் தரநிலை உண்டு.

சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்? ஒரு பொம்மை உடம்பில் கேரியரை மாட்டி, குழந்தை உட்காரும் இடத்தில் எடையை ஆயிரம் தடவை விழவைக்கிறார்கள். பிறகு குழந்தையின் எடையைவிடப் பல மடங்கு எடையை வைத்து நிறுத்திப் பார்க்கிறார்கள். தீப்பிடிக்கும் தன்மை, கழன்று வாயில் போகக்கூடிய சிறு துண்டுகள், பக்கிள் வழுக்குகிறதா, லேபிள் கழன்றுவருகிறதா என்று எல்லாம் பார்க்கிறார்கள். நியாயமான சோதனைதான். நான் ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மாடலுக்குச் சோதனைச் செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன், கூடத்துக்குக் கூடம் மாறும். வருடம் 600 கேரியர் விற்கிறவருக்கு ஒன்றின் தலையில் 100 ரூபாய் ஏறும். 30 விற்கிறவருக்கு 2,000 ரூபாய். துணியிலும் கூலியிலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் பிடிக்க முடியாது. சோதனையில் விழுகிற எடை இவர் சின்னத் தயாரிப்பாளர் என்று பார்த்து மெதுவாக விழாது. அமெரிக்காவில் ஸ்லிங் விதியைக் கொண்டுவந்த ஆணையமே சிறு தயாரிப்பாளர்களை அது கணிசமாகப் பாதிக்கும் என்று எழுதிவைத்தது. அப்படியும் கொண்டுவந்தார்கள். கைத்தையல் என்பதால் அன்பு அதிகம் இருக்கலாம். அன்புக்கு இழுவைச் சோதனை கிடையாது.

நம்மூர்க்காரர்கள் உடனே கேட்பீர்கள்: தூளியில் போட்டு வளர்த்தோமே, எந்தச் சோதனைக்கூடம் பார்த்தது? தூளியை அம்மா தன் பழஞ்சேலையில் தானே கட்டினார். பாட்டி முடிச்சை இழுத்துப் பார்த்தார். கட்டியவரும் பொறுப்பாளியும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். நீங்கள் விற்கப்போகிற கேரியரைக் கட்டப்போகிறவர் புனேயில் இருப்பார், துபாயில் இருப்பார். உங்கள் பாட்டி அங்கே போய் முடிச்சை இழுத்துப் பார்க்க முடியாது. அந்த இடத்தில்தான் சோதனை அறிக்கை வந்து நிற்கிறது.

மனசு கனத்துவிட்டது போலிருக்கிறது. பைக்கு வருவோம். பை சந்தோஷமான வேலை.

டயாபர் பை தைக்கிறவர் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றே ஒன்று: இதைத் திறக்கிறவருக்கு ஒரு கைதான் இருக்கும். இன்னொரு கையில் குழந்தை. அதுவும் அழுகிற குழந்தை. இதை வைத்து ஒவ்வொன்றையும் யோசியுங்கள். ஜிப் ரன்னர் சின்னதாக இருந்தால் பிடிக்க வராது, அதில் ஒரு நாடாத் துண்டு கோத்துவிடுங்கள். ஜிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை இழுக்க அவருக்குக் கை இல்லை, ஆகவே பை தானாக நிற்கும்படி அடியில் கெட்டி அட்டையோ ஃபோமோ வேண்டும். உள்துணி வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பு உள்துணி அழுக்குத் தெரியாது என்று போடுகிறார்கள். அழுக்கு மட்டுமா தெரியாது, கறுப்புப் பைக்குள் சாவியும் தெரியாது, நிப்பிளும் தெரியாது. ஈரத்துடைப்பான் பாக்கெட்டை வெளிப் பாக்கெட்டில், மேல் வாயைத் திறந்தபடி வைக்கும் அளவுக்கு வெட்டுங்கள். அது உள்ளே போனால் தேடுகிறதற்குள் மாற்றும் விரிப்பு நனைந்துவிடும். பாட்டில் பாக்கெட் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் வாயில் எலாஸ்டிக்.

அழுக்குத் துணிக்கு ஒரு சின்னத் தனிப் பை வேண்டும். லேமினேட் செய்த தண்ணீர் புகாத துணியில் தைப்பது. அதில் ஊசி குத்திய ஓட்டை அப்படியே நிற்கும், மூடாது. எனவே குண்டூசி போடாமல் கிளிப் போட்டுப் பிடியுங்கள், பிரித்துத் தைக்கும் நிலை வராதபடி முதல் தடவையே சரியாக ஓட்டுங்கள். தையல் வரி உள்ளே மடிந்து இருக்கட்டும். ரெக்சின் போட்டால் மலிவு, ஆனால் இரண்டு வருடத்தில் தோல் உரியும். வாங்கியவர் உங்களை மறந்திருக்க மாட்டார்.

இன்னொன்று, பையின் காலி எடை. அலங்காரத்துக்கு என்று இரும்பு வளையமும் கெட்டித் தோலும் சேர்த்துக்கொண்டே போனால் வெறும் பையே ஒரு கிலோ தாண்டும். பிரசவம் முடிந்து முதுகுவலியோடு இருக்கிறவர் தோளில் அது ஏறப்போகிறது. மாடல் ஒன்று தைத்ததும் அதில் நாலு டயாபர், மாற்றுத் துணி, தண்ணீர், பால் பாட்டில் எல்லாம் போட்டு, நீங்கள் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். பட்டை எங்கே அறுக்கிறது என்று தோள் சொல்லும்.

விலை. இதைப் பேசாமல் விட்டால் நான் வந்ததே வீண். ஒரு டயாபர் பைக்குத் துணி, உள்துணி, ஃபோம், ஜிப், நாடா, நூல் எல்லாம் சேர்த்து 450 ரூபாய் என்று வையுங்கள். வெட்டித் தைத்து முடிக்க நாலு மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் கூலி, 320. கரண்டு, மெஷின் தேய்மானம், உடைந்த ஊசி, படம் எடுத்தது, அட்டைப்பெட்டி, திருப்பி அனுப்பப்படுகிற பை இவற்றுக்கெல்லாம் 150. ஆக 920. நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கடையில் ஃபாக்டரிப் பை 800-க்குத் தொங்குவதைப் பார்த்து 799 என்று எழுதுகிறார்கள். அதாவது வாங்குகிறவருக்குப் பையையும் கொடுத்து, 121 ரூபாயும் கையில் கொடுக்கிறார்கள். கேட்டால், என் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே தைத்தேன் என்பார்கள். வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் பங்கு கேட்பார். 40 சதவீதம் என்றால், 920 உங்கள் கைக்கு வரக் கடை விலை 1,533 ஆக வேண்டும். ஆன்லைனிலும் இதே கதைதான். எட்ஸி 2022 ஏப்ரலில் தன் பங்கை 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். கட்டணம் குறையவில்லை. கடைவீதி அடுத்தவருடையது என்றால் வாடகையும் அவர் சொல்வதுதான். உங்களிடம் வாங்கியவர்களின் பெயரும் போன் நம்பரும் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் வேண்டும். எந்தத் துணிக் கட்டிலிருந்து, எந்த நாளில், யார் தைத்த பை, யாருக்குப் போனது என்று எழுதுங்கள். இரண்டு வார்த்தைதான். ஒரு கட்டுத் துணியில் குறை இருந்தது என்று மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால், போன் செய்து திருப்பி வாங்க வேறு வழி கிடையாது.

கேரியர் தைக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களைத் தடுக்க நான் வரவில்லை. தனியாக இறங்காதீர்கள் என்கிறேன். ஒஹாயோவில் லூசி ஆக்கர்மன் செய்ததை நினைத்துப் பாருங்கள். இந்தப் பயிற்சியில் இருபது முப்பது பேர் இருக்கிறீர்கள். ஒரே பேட்டர்ன், ஒரே துணி, ஒரே பக்கிள், ஒரே பெயர் என்று முடிவு செய்துகொண்டு அவரவர் வீட்டில் தைக்கலாம். சோதனைச் செலவு முப்பது தலையில் பிரியும். உங்களில் ஒருவர் தைக்கவே கூடாது. அவர் வேலை எல்லோருடைய பீஸையும் புரட்டி உள்பக்கம் பார்ப்பது, பிடிக்காததைத் திருப்பிக் கொடுப்பது. அவருக்கும் கூலி உண்டு, அது விலையில் சேரும். அவர் உங்கள் தோழியாக இருந்தால் நல்லது. தயவு தாட்சண்யம் பார்க்காத தோழியாக இருந்தால் இன்னும் நல்லது. துணியையோ பக்கிளையோ நடுவில் மாற்றினால் பழைய அறிக்கை செல்லாது, மறுபடியும் சோதனைக்குப் போக வேண்டும். கடைக்காரர் இதுவும் அதே மாதிரிதான் அக்கா என்பார். நம்பாதீர்கள்.

டயாபர் பையை நாளைக்கே வெட்டத் தொடங்குங்கள், உங்கள் கூலியைச் சேர்த்து விலை போடுங்கள், பேரம் பேசுகிறவருக்கு ஒரு பாக்கெட்டைக் குறைத்துக் காட்டுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். கேரியரைச் சோதனை அறிக்கை கையில் வரும்வரை யாருக்கும் விற்காதீர்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், வளைகாப்புக்குப் பரிசு என்று எந்தப் பெயர் சொல்லியும் கொடுக்காதீர்கள்.